காற்று தள்ளிய விமானம்

விமானத்தில் கால் வைக்காமலே விமானத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டுமென்றால், நெல்லித்தோப்பில் அது என் மாமாதான். அம்மாவின் அண்ணன். பாரிசிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், நடுவில் எந்தெந்த நாடு கீழே வரும், எல்லாம் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்பா பாரிசில் வேலையில் இருந்தார். என் புதுநன்மைக்கு, அதாவது நான் மாதா கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, நாலே நாள் லீவில் வருவதாக ஏற்பாடு. அவர் கடைசியாக வந்துபோனபோது எனக்கு ஒரு பல்கூட விழுந்திருக்கவில்லை. அம்மா போனில் டிக்கெட்டைக் காட்டினாள். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சென்னை. மாமா சிரித்துவிட்டார்.

"அது பிரான்சு டைமும்மா. மூணரை மணி நேரம் கூட்டிக்க. ஒரு மணிக்குதான் எறங்கும்."

"சென்னையில எறங்குறதுக்கு எதுக்குண்ணா பிரான்சு டைம் போடறான்?"

"நீ பிளேன்ல போயிருக்கியா?"

"நீங்க போயிருக்கீங்களா?"

"அவ்ளோதான், ஃபினி" என்று மாமா எழுந்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வேன் பேசியவர் அவர், அதனால் அவர் சொன்னதுதான் நேரம்.

ஓர் ஆளை அழைத்துவர ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் ஏறினோம். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். திண்டிவனத்தில் மாமா டீக்கு நிறுத்தியபோது அப்பாவின் போன் வந்தது.

"வெளிய வந்துட்டேன். எங்க இருக்கீங்க?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமாவுக்கோ ஒரு கூச்சமும் இல்லை. "பாத்தியா, பின்னாடி காத்து. பிளேனைத் தள்ளிக்கினு வந்துடுச்சி" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா வெயிலில் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். இப்போது மாமாவுக்கு நல்ல டோஸ் விழும் என்று காத்திருந்தேன். மாமா வந்ததும் வராததுமாகத் தன் காற்றுக் கதையை அவிழ்த்துவிட்டார். அப்பா தலையாட்டிக் கேட்டார்.

"ஆமா மச்சான். இன்னிக்கு நல்ல காத்து. பைலட்டே சொன்னாரு."

அட கடவுளே! புதுநன்மைக்கு முதல் நாள் இப்படி ஒரு பச்சைப் பொய்யா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியெல்லாம் அப்பாவோடு பேசவில்லை. சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்துக்கு முன்னால் அவர் பாவத்தைச் சொன்னேன்.

"எங்கப்பா பொய் சொன்னாரு சாமி."

"உன் பாவத்த மட்டும் சொல்லும்மா" என்றார் சாமியார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் போட்டோ எடுத்தார்கள். அப்பா மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தான் ஓரமாக நின்றார். எனக்குக் காய்ச்சல் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார், பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் கூட்டி வா என்றால் வந்து நின்றது யார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அன்று அது உறைக்கவில்லை. நாலு நாளில் அரை நாளைத் தின்ற மனிதருக்கு நடு இடமா என்று, அந்தப் படத்தில் நான் வெள்ளை கவுனில் மாமாவை முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.