கல்லுக்குத் தைத்த ஜாக்கெட்

எனக்குச் சர்க்கரை வந்ததால்தான் ஜப்பான் தோட்டத்துக்குப் போனேன். "தையல் மிஷினையே கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா கால் மரத்துப் போயிடும், தெனமும் நடங்க" என்றார் டாக்டரம்மா. எங்கள் ஊரில் நடப்பதென்றால் பென்னாகரம் ரோட்டோரம்தான் நடக்க வேண்டும். ஒகேனக்கல் போகிற பஸ்கள் அடிக்கிற ஹாரனில் சர்க்கரை இறங்குகிறதோ இல்லையோ, உயிர் ஒரு தடவை போய்விட்டு வரும். அதனால் பூங்காவுக்குப் போனேன்.

பூங்காவின் கோடியில், புங்க மர நிழலில் இருக்கிறது அந்தத் தோட்டம். பொடிக்கல் பரப்பி, அதில் பல் வைத்த மரவாரியால் அலை அலையாகக் கோடு இழுத்திருப்பார்கள். சிவப்புச் சாயம் அடித்த ஒரு சின்னப் பாலம் உண்டு. அதற்கடியில் தண்ணீர் கிடையாது, அங்கேயும் பொடிக்கல்தான். மூங்கில் குழாய் ஒன்றிலிருந்து கல்தொட்டிக்குள் தண்ணீர் சொட்டும். தொட்டிக்குப் பக்கத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நிற்கும். முன்னால் 'ஜப்பான் தோட்டம்' என்று ஒரு போர்டு. அவ்வளவுதான். ஏரியூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க காட்டுலயும் இதேதான் இருக்குது, கல்லும் மண்ணும். நாங்க போர்டு மாட்டாம வுட்டுட்டோம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அதை அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம். நோட்டின் முன்பக்கமெல்லாம் கழுத்து, கை, இடுப்பு. பின்பக்கமெல்லாம் ஜனங்கள் சொன்ன பேச்சு. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள் நான். அதற்கப்புறம் படித்ததெல்லாம் அளவு கொடுக்க வந்து நின்றவர்களின் வாயிலிருந்துதான்.

அந்தத் தோட்டத்தைப் போட்டவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். நடுவில் இரண்டு வருடம் ஜப்பானுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்ததும், கேட்பாரற்றுக் கிடந்த இந்த மூலைக்கு அனுமதி வாங்கித் தன் கையாலேயே கல் அடுக்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்வோம். சருகு பொறுக்க வேண்டும், களை பிடுங்க வேண்டும், கோடு இழுக்க வேண்டும். கோடு இழுக்கும்போது பின்னாடியே நடந்து வர வேண்டும், இல்லாவிட்டால் நம் கால் தடம் கோட்டில் விழுந்துவிடும். அது எனக்கு முதல் நாளே கைவந்துவிட்டது. வீடு துடைப்பதும் அப்படித்தானே! கூட்டிப் பெருக்குகிற வேலையைச் சம்பளமில்லாமல் சந்தோசமாகச் செய்தது என் வாழ்க்கையில் அங்கேதான். வீட்டில் யாரும், "கோடு அழகா இருக்குதுங்க அக்கா" என்று சொன்னதில்லை.

நான் சேர்ந்தது ஆடியில். வெயிலில் அந்தக் கல் கருகின தோசை மாதிரி மேலெல்லாம் பொருக்குத் தட்டிக் கிடந்தது. புரட்டாசியில் நாலு மழை பெய்ததும் பார்த்தால், உச்சியிலிருந்து அடிவரை பாசி. சார் அப்போது ஊரில் இல்லை. முழங்கால் ஆபரேஷனுக்காகப் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

பாசி என்றால் எனக்கு ஆகாது. எங்கள் பக்கத்து வீட்டம்மா துவைக்கிற கல்லடியில் பாசி வழுக்கி விழுந்து, இடுப்பு உடைந்து ஆறு மாதம் படுத்துக் கிடந்தார். இங்கே குழந்தைகள் வருகிற இடம். மனுசன் இல்லாத நேரத்தில் தோட்டத்தை இப்படியா விட்டு வைப்பது, அவர் திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, கம்பி பிரஷும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் தேய்த்தேன். கல் அப்போதுதான் குவாரியிலிருந்து இறங்கின மாதிரி ஆகிவிட்டது. போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். "நம்ம கல்லு புத்தம் புதுசாயிடுச்சு!" என்று எழுதி, மூன்று கைதட்டலும் வைத்தேன்.

யாரும் திரும்பக் கைதட்டவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. ஒருவர் ஏதோ எழுதி, எழுதினதை அழித்துவிட்டார். கடைசியில் எங்கள் குழுவில் இருக்கிற டீச்சர், "அக்கா... அந்தப் பாசியவா?" என்று கேட்டார். அதற்குக் கீழே சாரிடமிருந்து ஒரு வரி வந்தது. "நன்றி அம்மா. ஞாயிறு வருகிறேன், பேசுவோம்."

டீச்சர்தான் போனில் விவரம் சொன்னார். அது தானாக வந்த பாசி இல்லையாம். நாலு வருடமாக மழைக்காலம் தவறாமல் சார் மோர் தடவித் தடவி வளர்த்ததாம். ஜப்பானில் பாசி இல்லாத தோட்டத்தைத் தோட்டமென்றே மதிக்க மாட்டார்களாம். "கல்லு முழுக்க மூடுனது இந்த வருசம்தாங்க்கா. அவரு இன்னும் பாக்கவே இல்ல." எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்பதால் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கையை மோந்து பார்த்தேன். பிளீச்சிங் வாசனை இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சார் கைத்தடி ஊன்றி வந்தார். கல்லுக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வாயாடி என்று பேர் வாங்கினவள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"நாலு வருசமா அந்தக் கல்லுக்கு வயசு ஏத்திக்கிட்டு இருந்தேன்" என்றார். "நீங்க ரெண்டு மணி நேரத்துல கொமரியாக்கிட்டீங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன்.

"அழுவாதீங்கம்மா. எனக்கு ஒண்ணுதான் வருத்தம். பொங்கலோட நான் பெங்களூருக்கே போயிடறேன். இந்தக் காலை வச்சிக்கிட்டுத் தனியா இருக்க வேணாங்குது பொண்ணு. போறதுக்கு முன்னாடி பச்சையா ஒரு தடவ பாத்துட்டு, உங்க கையில ஒப்படைக்கலாம்னு நெனச்சேன்."

"ஏற்காட்டு நர்சரியில வாங்கிட்டு வந்துடறேன் சார்."

"மலைப்பாசி நம்ம சித்திரைக்குத் தாங்காது. இங்கத்து வெயிலத் தின்னு வளந்ததா இருந்தாத்தான் நிக்கும்."

பொங்கலுக்கு மூன்று மாதம் இருந்தது. பாசி வேண்டும், அதுவும் உள்ளூர்ப் பாசி. இதென்ன பெரிய விசயம், இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன், ஒவ்வொரு வீட்டுத் தண்ணித்தொட்டிக்குப் பின்னாலும் பாசி இருக்கும், கேட்டால் தரமாட்டார்களா என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

முதலில் போனது எங்கள் தெருவிலேயே பெரிய பண்ணைக்கார வீடு. "உங்க வூட்டுல பாசி இருக்குதாங்க?" என்று கேட்டேன்.

அந்தம்மா முகம் மாறிவிட்டது. "எங்க வூட்டுலயா? பாசியா? உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. தோட்டத்துக்கு வேணும்..."

"ஏம்மா!" என்று உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். "தொட்டியத் தேய்ச்சியா இல்லியா? ஊருல பாசி கேட்டு வர்றாங்க பாரு!"

நான் தெருமுனை திரும்புவதற்குள் பிரஷ் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில், "நாங்க தெனமும் தேய்க்கறவங்க" என்றார்கள். கன்னடம் பேசுகிற வீட்டில், "இல்லா, இல்லா" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டார்கள். பாசி இருக்கிறதா என்று கேட்பதும், உன் வீடு அழுக்காக இருக்கிறதா என்று கேட்பதும் எங்கள் ஊரில் ஒன்றுதான் என்பது எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்! நான் போய் வந்த தெருவெல்லாம் அன்று சாயங்காலமே தொட்டி கழுவினார்கள். கல்லில் இருந்த பாசியை அழித்தது பத்தாதென்று, ஊரில் இருந்ததையும் அழித்துக்கொண்டு இருந்தேன்.

அஞ்சாவதாகப் போனது மாதா கோயில் தெருவில் ஒரு வீடு. அந்த அக்கா பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவள். வாயில் என்னையே தூக்கிச் சாப்பிடுவாள். கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இருக்குதுடி. கூடையோட வந்தியா, வெறுங்கையோட வந்தியா? மூணு வருசமா தொட்டி ஒழுவுது. எங்க வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழம பாக்கறேன்றாரு. எந்த ஞாயிறுன்னு இன்னும் சொல்லல."

தோசைத் திருப்பியால் வில்லை வில்லையாக நோகாமல் சுரண்டினோம். பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. ஆனாலும் அது கல்லில் கால்வாசிக்குத்தான் வரும்.

அதற்கப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டு சும்மா பேச ஆரம்பித்தேன். மாதா கோயில் தெரு அக்கா வீட்டுப் பாசியை ஜப்பான் தோட்டத்தில் வைத்திருக்கிறோம், என்ன பச்சை என்கிறீர்கள், பட்டு மாதிரி இருக்கிறது, சார் பார்த்துவிட்டு இந்த மாதிரி பாசி அங்கேகூடக் கிடைக்காது என்றார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னது மட்டும் கொஞ்சம் பொய்.

நாலாம் நாள் ஒருத்தி ஜாக்கெட் துணி கொண்டுவந்தாள். பை கனமாக இருந்தது. துணிக்கடியில் தினத்தாளில் சுற்றின ஒரு பொட்டலம், ஈரமாக. "எங்க வூட்டுதுன்னு சொல்லாதக்கா" என்றாள். மறுநாள் டிபன் பாக்ஸில் வந்தது. பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகிற கூடையில் கத்தரிக்காய்க்கு அடியில் வந்தது. ஒவ்வொருத்தரும் அதையேதான் சொன்னார்கள்: சொல்லாத. ஐப்பசி முடிவதற்குள் பண்ணைக்கார வீட்டு மருமகளும் வந்துவிட்டாள். "அத்த தொட்டியத்தான் பாத்தாங்க. கெணத்தடிப் பக்கம் போவல" என்றாள்.

இதற்கிடையில் கல்லைப் பத்துத் தடவையாவது கழுவிப் பிளீச்சிங்கைப் போக்கியிருந்தோம். பாசியை மோரில் குழைத்து அப்பினோம். பூங்காக் காவலாளி, "மனுசனுக்கே சோத்துக்கு மோரு இல்ல, கல்லுக்குப் போயி ஊத்தறாங்க" என்று சுற்றிச் சுற்றி வந்தார். அப்பினதும் ஒரு மழை வந்தது. பாதி வழிந்து கீழே போய்விட்டது.

சார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கல்லைப் பார்த்தேன். உச்சியில் குறுகி, நடுவில் அகண்டு, அடியில் மறுபடி குறுகியிருந்தது. இந்த மாதிரி உடம்புக்கெல்லாம் நான் தைத்திருக்கிறேன். பையிலிருந்து டேப்பை எடுத்து அளவெடுத்தேன்.

"அக்கா, கை வச்சதா, கையில்லாததா?" என்றார் டீச்சர்.

"கழுத்த எறக்கி வைங்க, காத்தாடட்டும்" என்றார் காவலாளி.

சாரும் சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்கப்புறம் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மெல்லிசான லைனிங் துணியில், பின்னால் நாடா வைத்துத் தைத்து, வழிந்த பாசியை மறுபடி அப்பி அதன் மேல் போட்டேன். தண்ணீர் உள்ளே இறங்கும், பாசி வெளியே வராது. கடையில் மீந்திருந்தது மஞ்சள் துணி. அதை யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் போனால் கல்லுக்கு முன்னால் இரண்டு முழம் பூ, ஒரு எலுமிச்சம்பழம். "யாரோ வேண்டிக்கிட்டுப் போயிட்டாங்கக்கா" என்றார் காவலாளி. "நீங்களே எடுத்துடுங்க. நான் தொட மாட்டேன், எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்குது." பூவை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அன்றைக்கே வெளிர்பச்சைத் துணியில் வேறொன்று தைத்து மாற்றினேன்.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் காலை நடையின்போது ஜாக்கெட்டுக்குத் தண்ணீர் தெளிப்பேன். நாடாவை அவிழ்த்துப் பார்க்கக் கை துறுதுறுவென்று வரும். "சோத்துப் பானைய சும்மா சும்மா தெறக்கற மாதிரி தெறக்காதீங்க" என்று சார் சொல்லியிருந்தார். திறக்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் சாரைக் கூட்டிப்போக மகள் காரோடு வந்துவிட்டார். சாமான் ஏற்றின கார் பூங்கா வாசலில் நின்றது. குழுவில் எல்லோரும் வந்திருந்தோம். சார் என்னைப் பார்த்து, "தைச்சவங்களே அவுருங்க" என்றார். நாடா முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

முழுக்கப் பச்சையாக இல்லை. தெற்குப் பக்கம் வெயில் பட்ட இடமெல்லாம் பழுப்பாகப் போயிருந்தது. உச்சியில் ஒரு கை அகலத்துக்கு வழுக்கை. ஆனால் தொட்டியைப் பார்த்த பக்கம் பாசி பிடித்திருந்தது. ஒரு திட்டு கரும்பச்சை, ஒரு திட்டு கிளிப்பச்சை, ஒன்று சுருள் சுருளாக, ஒன்று வெல்வெட் மாதிரி. துண்டுத் துணியெல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்த மாதிரி கல்லைச் சுற்றிக்கொண்டு இருந்தது. சார் கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொடாமல், விரலை மட்டும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னுது ஒரே மாதிரி இருந்துச்சு" என்றார். "இது எத்தன வூடுங்கம்மா?"

"ஒம்போதுங்க சார்."

அதற்குள் பின்னால் பேச்சுச் சத்தம். மாட்டுப் பொங்கல் கும்பல், பூங்கா பார்க்க வந்திருந்தார்கள். முன்னால் மாதா கோயில் தெரு அக்கா, அவளுக்குப் பின்னால் பண்ணைக்கார வீட்டு அம்மாவும் மருமகளும். அக்கா கல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தா, அந்த வெல்வெட்டு எங்க வூட்டுது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தம்மா கண்ணைச் சுருக்கிக் கல்லைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார்.

"அந்தச் சுருளு, நம்ம கெணத்தடியில இருந்ததுதானே?"

"ஆமாங்கத்த" என்றாள் அவள், மெதுவாக.

"பின்ன ஏன் வாய மூடிக்கிட்டு இருக்கற, சொல்றதுக்கென்ன?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்த உச்சியில மொட்டையா இருக்குதே. இன்னும் கொஞ்சம் வேணும்னா வூட்டுக்கு வா. பின்னாடி நெறைய இருக்குது."

சார் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். "அடுத்த மழைக்கு உச்சிக்கும் ஒண்ணு தைச்சுடுங்க" என்றார்.

"தொப்பியாத் தைச்சுடறேன் சார்" என்றேன்.

கார் போனதும் டேப்பை எடுத்துக்கொண்டு கல்லிடம் வந்தேன். உச்சி வட்டம் பதினெட்டு அங்குலம். அளவு நோட்டின் முன்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.