ஒரு முயலுக்கு ஒன்றேகால் மணி நேரம்

மீனுக்கு ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் போதும். லவ் பேர்ட்ஸுக்குப் பதினைந்து. முயலுக்கு ஒன்றேகால் மணி நேரம். கடிகாரம் பார்த்துக் கணக்கெடுத்தவன் நான்தான். அப்போது ஒரு மாலைப் பத்திரிகைக்குத் திருப்பூரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் சில வருடங்கள் அவை. தெற்கிலிருந்து பிழைக்க வந்து ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. உடம்பு தேறி அவள் வேலைக்குத் திரும்பிய நாளில், கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலச் சட்டைகளில் நூல் பிசிறு வெட்ட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு போகவில்லை.

வளர்க்க ஏதாவது வாங்கித் தாருங்கள் என்று கேட்டாள். எது அதிகம் சிரமம் தராது என்று நான் நாலு பேரிடம் விசாரித்தேன். நாய் என்ற பேச்சை வீட்டுக்காரம்மா எடுத்த எடுப்பிலேயே முடித்துவிட்டார்.

"நாய் மட்டும் வேண்டாமுங்க. பத்து ஊட்டுச் செருப்பையும் கடிச்சுப்போட்டா பஞ்சாயத்து என்ற தலைமேல வரும்."

முதலில் மீன். காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தீனி. போர் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டு மீன்கள் செத்தபின் குடிதண்ணீரை ஊற்றினோம். வாரத்துக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் அது. உங்கள் மீன் யோகக்கார மீன் என்று வீட்டுக்காரம்மா போகிற வருகிற போதெல்லாம் சொன்னார். என் மனைவி தொட்டிக்கு முன் உட்கார்ந்து பார்த்தாள். நான்கு நாளில் அதுவும் சலித்துவிட்டது.

பிறகு லவ் பேர்ட்ஸ். தினை, தண்ணீர், கூண்டுக்கு அடியில் பழைய பேப்பர். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தபோது கூண்டு பக்கத்து வீட்டு வாசலில் தொங்கியது.

"அதுக ரெண்டும் ஒன்னையொன்னு பாத்துக்கிடுதுங்க," என்றாள். "நடுவுல நான் எதுக்கு?"

முயலை அவளே குன்னத்தூரிலிருந்து வாங்கி வந்தாள், ஒரு வயர் கூடையில் வைத்து, பஸ்ஸில். சாம்பல் நிறம், இரண்டு மாதக் குட்டி. விடியும்போது எழுந்து உழவர் சந்தைக்கு நடந்து போய், வியாபாரிகள் ஒடித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலையும் முள்ளங்கித் தழையும் பொறுக்கி வருவாள். கழுவி, ஈரம் போகத் துடைத்து வைப்பாள். பெட்டியில் வைக்கோலை இரண்டு வேளை மாற்றுவாள். வெயில் ஏறினால் ஈரச் சாக்குப் போர்த்துவாள். சந்தையில் யாரோ ஒரு கீரைக்காரம்மா அவளுக்கென்றே அகத்தி எடுத்து வைத்ததாக ஒருநாள் சொன்னாள். மாதக்கணக்கில் அவள் வெளியாள் ஒருவரைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல்முறை. நேரத்தைக் குறித்துக்கொண்ட நான், அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

வைக்கோலுக்கு டவுனில் அலைய வேண்டியிருந்தது. அதன் தூசியில் அவள் தும்மிக்கொண்டே இருந்தாள். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பொருள், பனியன் துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட். வண்டி துடைப்பதும் அதில்தான், தலையணைக்குள் அடைப்பதும் அதைத்தான். தெரிந்த கம்பெனியில் சொல்லி ஒரு சாக்கு வெள்ளைத் துணித் துண்டுகள் கொண்டுவந்து, வைக்கோலுக்குப் பதில் பெட்டியில் பரப்பினேன். மெத்தென்று இருந்தது. ஈரத்தை உறிஞ்சியது. இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒன்றேகால் மணி நேரம் முக்கால் மணி ஆயிற்று என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, முயலின் புழுக்கைகளைக் கொண்டுவந்து காட்டினாள். நான்கைந்து புழுக்கைகள் ஒரே வெள்ளை இழையில் மணி கோத்தது மாதிரி தொங்கின. இது நல்லதற்கா என்று கேட்டாள். நான் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வெளியே வந்துவிட்டதல்லவா, ஒன்றும் ஆகாது என்றேன்.

அதற்கு மூன்றாம் நாள் முயல் தின்பதை நிறுத்தியது. வயிறு கல்லாக இருந்தது. கால்நடை மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, துணி எதுவும் போட்டிருந்தீர்களா என்று கேட்டார். கட்டிங் வேஸ்ட் என்றேன்.

"இந்த ஊர்ல எல்லாரும் பண்றதுதானுங்க," என்றார். "இது பல்லை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காதுங்க. உள்ள நூலு கட்டிக்கிச்சு. இத்தனூண்டு உசுரை அறுக்கவும் முடியாதுங்க."

வலிக்கு ஒரு ஊசி போட்டார். வீட்டுக்கு வருகிற வழியில், என் வண்டியின் பின்னால், அவள் மடியிலேயே அது செத்தது. வீட்டு வாசலில் இறங்கும்வரை அவள் அதைச் சொல்லவில்லை.

"எனக்கு வேலை சாஸ்தியா இருக்குன்னு நான் சொன்னேனா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டவள் போல இருந்தது.

முருங்கை மரத்தடியில் தோண்டிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரம்மா கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார். "அழுவாத கண்ணு," என்றார். அவள் அழவில்லை. நான் அவளிடமிருந்து கடப்பாரையை வாங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை.

"இதையாச்சும் என்னைய செய்ய விடுங்க."

குழந்தை இறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் மயக்கம் தெளியாமல் படுத்திருந்தாள். மாலையில் விழித்துவிடுவார், காத்திருக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். அவளுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான். குழந்தையை நானும் என் அண்ணனும் துண்டில் சுற்றிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டுத் திரும்பினோம். குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டாள். பெண் என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மண் இறுகிக் கிடந்தது. சுக்கான் கல் வேறு. அவள் குத்திக் குத்தி, கையால் அள்ளி வெளியே போட்டாள். முழங்கை ஆழத்துக்கு மேலும் தோண்டினாள். ஒரு முயலுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன்.