வெங்காயப் பாத்தியில் ஓடிய கதிரை

1. புதைந்த சில்லு

மருதனார்மடத்தில் வெல்டிங் கடை வைத்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. கேற்றும் யன்னல் கிறிலும்தான் எங்கள் சோறு. ஒருநாள் தவமலர் வந்து கதிரை கேட்டார். போரில் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் கால் போட்டிருந்தார். குத்தகைக் காணியில் வெங்காயம் செய்பவர்.

“அண்ணை, புல்லுப் பிடுங்கக் குந்தி இருக்கேலாது. கூலிக்கும் ஆள் இல்லை. இருந்துகொண்டு உருட்டிப் போற மாதிரி ஒண்டு செய்து தாங்கோ.”

ஒரு இருக்கைக்கு, உருண்டு போக நான்கு சின்னச் சில்லுப் பூட்டிக் கொடுத்தேன். ஈரச் செம்மண்ணில் சில்லுகள் புதைந்து, அவர் பாத்தியில் சரிந்து விழுந்தார். நான் தூக்குவதற்குள் தானே எழுந்துவிட்டார்.

“பாத்திக்குள்ளை சில்லு வேண்டாம் அண்ணை. ரெண்டு பக்கத்து வரம்பிலையும் ஓடட்டும், அது காய்ஞ்சு கிடக்கு. கதிரை நடுவிலை தொங்கட்டும்.”

மண்ணில் விரலால் கீறியும் காட்டினார். சிறுபிள்ளைகளின் சைக்கிள் சில்லு நான்கு, ஜி.ஐ. இரும்புப் பைப், நடுவே தாழத் தொங்கும் இருக்கை. வெல்டிங் என்னுடையது, யோசனை முழுக்க அவருடையது. ஒற்றைக் காலால் உந்தி உந்திப் பாத்தி முழுவதும் போய்வந்து சத்தமாகச் சிரித்தார். அவரிடம் கேட்டுவிட்டு அதைப் போனில் எடுத்து, கடையின் முகநூலில் போட்டேன்.

2. சோகப் பாட்டு

வீடியோ பரவியது. ஆனால் எங்களுடையது அல்ல. யாரோ அதை எடுத்து, சிரிப்பை நீக்கி, சோகப் பாட்டைச் சேர்த்து, ‘ஆதரவற்ற பெண்ணின் கண்ணீர், பகிருங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். அதுதான் கடல் கடந்து போனது. அவர் வீட்டுக்கு அரிசி மூட்டையோடு ஆட்கள் வந்தார்கள்.

தவமலர் நேரே கடைக்கு வந்தார்.

“நான் எங்கை அண்ணை அழுதனான்? காணிக்காரர் கனடாவிலை இருந்து போன் எடுத்து, ‘பிள்ளை, உமக்கு ஏலாதாம். அடுத்த போகம் வேறை ஆளுக்குக் குடுக்கப்போறன்’ எண்டுறார்.”

“ரிப்போட் பண்ணி அந்த வீடியோவை எடுப்பிப்பம்” என்றேன்.

“அது எத்தினை பேரிட்டைப் போயிட்டுது! நான் கதைக்கிறன். நீங்கள் வீடியோ எடுங்கோ.”

3. அவர் கதைத்தது

புல்லுப் பிடுங்கும் கை நிற்காமலே கதைத்தார்.

“என்ரை பேர் தவமலர். எனக்கு அரிசி வேண்டாம். இந்தக் கதிரையின்ரை அளவு சொல்லுறன். தேவையான ஆக்கள் செய்யுங்கோ.”

பாத்தி அகலம், பைப்பின் நீளம், சில்லின் உயரம் எல்லாம் சொன்னார். இடையில் நான், “எல்லாத்தையும் சொன்னால் எங்கடை கடைக்கு ஆர் வருவினம்?” என்றேன்.

“குந்தேலாத ஆக்கள் எல்லாருக்கும் மருதனார்மடம் வரைக்கும் வரேலுமே?”

அதையும் முகநூலில் போட்டோம். முதலில் பரவவில்லை. பரிதாபத்துக்கு இருந்த வேகம் பைப் அளவுக்கு இல்லை. தவமலர் விடவில்லை. சோகப் பாட்டு வீடியோ எங்கெங்கே கிடந்ததோ, அங்கெல்லாம் கீழே தன் வீடியோவைப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சாவகச்சேரியில் நாரி வருத்தத்தால் இடுப்பை வளைக்க முடியாத ஒருவர் தான் செய்த கதிரையைப் படம் எடுத்து அனுப்பினார். தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் அகலத்தைக் கூட்டிக் குறைக்க போல்ட் வைத்திருந்தார். அதை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பிறகு படங்கள் வந்துகொண்டே இருந்தன.

காணிக்காரரும் பார்த்திருக்கிறார். “அடுத்த போகமும் நீரே செய்யும் பிள்ளை” என்றாராம்.

புதிதாகக் கடை திறக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வேலையைப் படம் எடுங்கள், போடுங்கள். ஆனால் யோசனைக்காரரைக் கதைக்க விட்டு எடுங்கள். பெயரும் பேச்சும் இல்லாத படத்துக்கு யாரும் எந்தப் பாட்டையும் போட்டுவிடலாம்.