கனத்த ஸ்கோப்புக்கு ஒரு மவுண்ட்

அந்த மவுண்டை நான் பிழையாகத் தெரிவு செய்யவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இத்தனை வருடம் கழிந்தும் அதை நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், அஜக்ஸில் கார்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிறெஸ் மெஷினுக்கு முன்னால் ஆறு வருடமாக நின்றுகொண்டிருந்தேன். தகட்டை வைப்பது, பொத்தானை அமத்துவது. ஒரு மாட்டைப் பழக்கினாலும் செய்யும். ஊரில் நான் கடைசல் இயந்திரத்தில் வேலை பழகியவன். இரும்பைத் தடவிப் பார்த்தே எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்லுவேன். தொழிற்சாலையின் ஒரு மூலையில், பிறெஸ்ஸில் தகட்டை அழுத்தும் அச்சுகளைச் செய்வதற்கும் திருத்துவதற்கும் ஒரு டூல் ரூம் இருந்தது. அங்கே ஒருவர் ஓய்வுபெறப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கதவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

ஆளைத் தெரிவு செய்பவர் எங்கள் போர்மன். விட்பியில் இருந்து வருகிற வெள்ளைக்காரர். இரண்டு தடவை அவரிடம் விண்ணப்பம் கொடுத்தேன். இரண்டு தடவையும், உன்னுடைய சான்றிதழை இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்றார். மண்ணாங்கட்டி! சான்றிதழை வாசிக்கத் தெரியாவிட்டால் என் கையைப் பார்த்திருக்கலாமே?

கடைசியில் கையைப் பார்க்கத்தான் கேட்டார். அவர் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே மான் வேட்டைக்குப் போகிறவர். அந்த வருடம் துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கிற ஒரு பெரிய ஸ்கோப் வாங்கியிருந்தார். இடைவேளையில் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். பெரிய பால்மா டின் மாதிரிக் கனத்தது. அதைத் துவக்கோடு பிடித்து வைக்கிற மவுண்டை இரண்டு தடவை மாற்றியும் அது ஓரிடத்தில் நிற்கவில்லையாம். "மெஷினிஸ்ட், மெஷினிஸ்ட் என்கிறாயே. இதற்கொரு மவுண்டைத் தெரிவுசெய்து நீயே பூட்டு. இந்தப் பருவம் முழுக்க அசையாமல் நின்றால் டூல் ரூமைப் பற்றிப் பேசுவோம்" என்றார்.

ஸ்காபரோவில் அக்கா குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தேன். ஸ்கோப்பைக் கண்டதும் அக்கா நெஞ்சில் கைவைத்தாள்.

"என்ன கோதாரிக்கு உதை வீட்டுக்குள்ளை கொண்டந்தனி? துவக்குக்குப் பயந்து உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை துவக்குச் சாமான் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வாறாய்."

"அக்கா, உது வெடிக்காது. உது கண்ணாடி."

"கண்ணாடியெண்டா மூக்கிலை போடு பாப்பம்."

அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அது தெரிந்தபடியால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

சனிக்கிழமை விட்பியில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். கால் மணித்தியாலம் அந்தக் கடைக்காரருக்கு நான் கண்ணில் தெரியவில்லை. பிறகு வந்து, மினுங்குகிற அலுமினிய மவுண்ட் ஒன்றை எடுத்து நீட்டினார். பார்க்க அழகு. கையில் எடுத்தால் பஞ்சு. நான் வேண்டாமென்றேன். துவக்கு வெடிக்கும்போது பின்னால் உதைக்கும். ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அது எவ்வளவு கனமோ, அவ்வளவுக்கு மவுண்டின் வளையங்களுக்குள் வழுக்கும். அதனால் எனக்கு உருக்கு வேண்டும். அடித்தட்டு இரண்டு துண்டாக இல்லாமல் ஒரே துண்டாக வேண்டும். வளையம் அகலமாக, ஒவ்வொன்றுக்கும் நான்கு திருகாணி வேண்டும். ஸ்கோப்பின் பெரிய வாய் துவக்கின் குழலில் முட்டாத அளவுக்கு மட்டும் உயரம் வேண்டும், அதற்கு மேல் ஒரு நூலும் வேண்டாம். அப்படி ஒன்று கீழ்த்தட்டில் தூசிக்குள் கிடந்தது. கறுப்பு, அவலட்சணம். அதை எடுத்தேன். கடைக்காரர் முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

நிலக்கீழ் அறையில் இரண்டு பின்னேரம் இருந்து வேலை செய்தேன். நேரான உருக்குக் கம்பியில் தேய்ப்புத்தூள் பசை தடவி, வளையங்களின் உட்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினேன். பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காய வைத்தேன். உட்பக்கத்தில் ஈரமோ எண்ணெயோ இருக்கக்கூடாது. பிடிப்பு முழுக்க அதில்தான். வெள்ளைத் துணியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னை நான் ஒரு மனிதனாக மதித்தேன்.

நவராத்திரி தொடங்குகிற நேரம். அடுத்த நாள் வேலையால் வந்து பார்த்தால் மேசையில் துணியும் இல்லை, மவுண்டும் இல்லை. அக்காவின் புருஷன், என்னுடைய அத்தான், குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கும்பத்துக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, ஒண்டுக்கும் யோசியாதை. பிள்ளையளின்ரை புத்தகம், அக்காவின்ரை தையல் மெஷின், உன்ரை சாமான், எல்லாம் சரஸ்வதிக்கு முன்னாலை வைச்சிருக்கிறன். விசயதசமியண்டு எடுத்துத் தாறன். உனக்கு அந்த வேலை கிடைச்சமாதிரித்தான்."

அத்தானைப்பற்றிச் சொல்லவேண்டும். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டி அடுக்குகிறவர். நல்ல மனிதர். ஆனால் உலகத்தில் எதற்கும் எண்ணெய்தான் மருந்து என்று நம்புகிறவர். கதவு கிரீச்சிட்டாலும் எண்ணெய், காரின் பூட்டு இறுகினாலும் எண்ணெய், பிள்ளைக்கு இருமினாலும் எண்ணெய். இது தெரிந்திருந்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பூசைக்கு வைத்ததை இடையில் எடுக்கக்கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

விசயதசமியன்று சந்தனப் பொட்டோடு மவுண்டைத் தந்தார். சனிக்கிழமை போர்மனின் கராஜில் துணியை அவிழ்த்தேன். நல்லெண்ணெய் மணந்தது. வளையத்தின் உட்பக்கம் கொஞ்சம் மினுங்கியது. விளக்கு மணம் துணியில் ஏறியிருக்கும், மினுக்கம் நான் தேய்த்த மினுக்கம் என்று எனக்கு நானே சொன்னேன். பொய். துடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது நாள் பூசையில் இருந்து வந்ததை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் ஏதாவது பிழைத்துவிடும் என்று பயந்தேன். பத்தாயிரம் மைல் தாண்டி வந்தும் இந்தப் புத்தி போகவில்லையே! வெளியில் இருந்த சந்தனத்தை மட்டும் பெருவிரலால் துடைத்துவிட்டுப் பூட்டினேன். போர்மன் அன்றைக்கே பத்து வெடி வைத்துப் பார்த்தார். பத்தும் குறி தப்பவில்லை. என் முதுகில் தட்டினார்.

நவம்பரில் அவர் வேட்டையால் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. ஸ்கோப்பையும் மவுண்டையும் ஒரு பெட்டியில் கொண்டுவந்து அதே சாப்பாட்டு மேசையில் வைத்தார். மூன்றாம் நாள் காலையில் ஒரு மான். நெஞ்சுக்குக் குறி வைத்தாராம், வயிற்றில் பட்டதாம். இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று பேராக இருளும்வரை தேடினார்களாம். பனி கொட்டி இரத்தத்தை மூடிவிட்டது. "அது எங்கேயோ கிடந்து செத்திருக்கும், மெதுவாக" என்றார். ஸ்கோப்பின் குழாயில், வளையம் வழுக்கிய அடையாளம் கோடாக இருந்தது.

நான் திருகாணிகளைக் கழற்றினேன். வளையம் திறந்ததும் நல்லெண்ணெய் குப்பென்று மணந்தது. வெடிக்கு வெடி ஸ்கோப் எண்ணெயில் வழுக்கியிருக்கிறது என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

"என்ன பிழை?" என்று கேட்டார். மேசையைச் சுற்றி எட்டுப் பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரஸ்வதி, கும்பம், அத்தான், எண்ணெய். இதையெல்லாம் என்னுடைய உடைந்த இங்கிலிஷில் அவர்களுக்கு நான் சொல்வதா?

"மவுண்ட் சரியில்லை," என்றேன். "நான் பிழையானதைத் தெரிவுசெய்துவிட்டேன்."

அவர் பெட்டியை மூடினார்.

வீட்டுக்கு வந்து அத்தானோடு பாய்ந்தேன்.

"ஆரைக் கேட்டு அதுக்குள்ளை எண்ணெய் பூசினனீங்கள்?"

"ஆரைக் கேக்கோணும்? இரும்புச் சாமானைக் காய்ஞ்சபடி சாமிக்கு முன்னாலை வைக்கிறதே? புதுப் போத்தில் உடைச்சுப் பூசினனான். பூசிப்போட்டு வடிவாத் துடைச்சும் விட்டனான்."

"உங்கடை எண்ணெயாலை என்ரை வேலை போச்சு! வாயில்லாச் சீவன் ஒண்டு காட்டுக்கை கிடந்து துடிச்சுச் செத்துப்போச்சு!"

அத்தானின் முகம் கறுத்துப்போனது. "ஒன்பது நாளும் உனக்காகத்தான் விரதம் பிடிச்சனான்," என்றார். பிறகு சொன்னார். "அதுக்கென்ன, நாளைக்குப் போய்ச் சொல்லன், என்ரை அத்தான் ஒரு விசரன், அவன் பூசிப்போட்டான் எண்டு. என்னை அங்கை ஆருக்குத் தெரியும்?"

அடுத்த நாளும் நான் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து டூல் ரூமுக்கு வேறொருவனை எடுத்தார்கள். அன்றைக்குப் போர்மன் என்னைத் தனியே கூப்பிட்டார். மவுண்டை விட்பிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாராம். இதைவிடத் திறமான மவுண்ட் தன்னிடம் இல்லை, உட்பக்கம் தேய்த்தவன் கைகாரன், ஆனால் யாரோ எண்ணெய் பூசியிருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னாராம்.

"எண்ணெய் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போது தெரியும்?"

"திறந்தவுடனே."

"அப்படியானால் ஏன் மவுண்டில் பிழை சொன்னாய்?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பூசையை, அத்தானை, துடைக்க மனம் வராததை. "சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள்," என்றேன்.

"ஓம், நன்றாகச் சிரித்திருப்பேன். பிறகு துடைத்திருப்பேன். அச்சு உடைந்தால் எங்கே பிழை என்று எனக்கு உண்மை தெரியவேண்டும். அதற்குக் கீழே ஆட்களின் கை இருக்கிறது" என்றார்.

எனக்கு அந்த மனிதரில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு வருடம் என் சான்றிதழைத் திரும்பியும் பாராதவர் எனக்கு உண்மையைப் பற்றிப் படிப்பிக்க வந்துவிட்டார் என்று கறுவிக்கொண்டு திரிந்தேன்.

டூல் ரூமுக்கு வந்த புதியவன் முதல் கிழமையே ஒரு அச்சைப் பிழையாக வெட்டினான். நல்ல உருக்கு, முழுக்க நாசம். அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் பிறெஸ் வரிசைக்கு நடுவால் நடந்து வந்து, "நான்தான், அளவை மாறிப் பார்த்துவிட்டேன்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். போர்மன் நாலு தூசணம் சொன்னார். பிறகு வேறொரு இரும்புத் துண்டை எடுத்துக் கொடுத்து, திரும்ப வெட்டு என்றார். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று, மெஷினுக்கு முன்னால் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.