யாருடைய பிள்ளை முன்னால் நிற்பது

அன்று எங்கள் புறநகரான பாபடோயிட்டோயின் மைதானத்துக் கிளப் அறையில் இருந்தவர்கள்: சமோவாக்காரக் கோச், யாழ்ப்பாணத்து டொக்டர், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐ.டி.காரர், பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் ஊரவர், கடைசிக் கதிரையில் நான். பிள்ளைகள் வெளியே மழைச் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மற்றத் தகப்பன்மார் யாரும் வரவில்லை.

எங்கள் பிள்ளைகள் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. நாங்கள் குடியேறிய இந்த ரக்பி நாட்டில் ரக்பியை விட்டு இதற்குப் போனதற்குத் தாய்மார்தான் காரணம். இதில் தலைக்கு ஹெல்மெட் உண்டு, தோளுக்கு மெத்தை உண்டு, அடி படாது என்று நம்பி அனுப்பினார்கள். ஹெல்மெட் இருக்கிற தைரியத்தில் இன்னும் பலமாக மோதுகிறார்கள் என்பதை முதல் மேட்சில் கண்டேன். அதன் பிறகு மேட்ச் நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

என் மகன் நிற்பது லைனில். பந்து எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நின்று, பாய்ந்து வருகிறவர்களைத் தாங்க வேண்டும். எறிகிற பந்தை அவர்கள் பிடிக்கக்கூடாது. போன சீசனில் மகனின் முழங்கால் பிசகிவிட்டது. ஆடலாம், ஆனால் இடைக்கிடை வெளியே வந்து காலை ஆறவிட வேண்டும் என்று பிசியோ சொன்னார். அவன் வெளியே வந்தால் உள்ளே போய் நிற்க ஒருவன் வேண்டுமே? லைனுக்கு இருந்தது சரியாக ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த ஆட்டத்தின் சட்டங்களில் பாதி எனக்கு இன்னும் விளங்காது. இது மட்டும் விளங்கியது. விமான நிலையத்துக் கார்கோ ஷெட்டில் பெட்டி இறக்கும்போதும் அந்த ஆறாவது ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கோச் கேட்டது சின்ன விஷயம். பந்து பிடிக்க ஏராளமான பிள்ளைகள் நிற்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் லைனுக்கும் பழகட்டும். உடனே மூன்று பேரும் தமிழுக்கு மாறினார்கள். கோச் எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ," என்றார் டொக்டர். "உங்கட பெடியனுக்கு உடம்பு இருக்கு. என்ர மகனுக்குக் கை இருக்கு. அவன் போய் மற்றவன்ர பிள்ளைக்கு வேலியா நிக்கிறதோ?"

"என்ர மகன் நிக்கிறான்தானே, டொக்டர்."

"ஓம், அதைத்தானே சொல்லுறன். அவனுக்குச் சரி."

"ஆமா சார்," என்றார் ஐ.டி.காரர். "ஊர்ல தாத்தா உக்காந்து வீடியோ பாக்குறாரு. லைன்ல நின்னா பையன் முதுகு மட்டும்தான் தெரியும்."

"என்ர பெடி சாப்பிடுறதே இல்லை," என்றார் கடைக்காரர். "காத்தடிச்சா விழுந்திடுவான்." அந்தப் பெடியன் என் மகனைவிட ஒரு சுற்றுப் பெரியவன்.

அவர்களின் முகங்களிலிருந்தே கோச் பதிலைத் தெரிந்துகொண்டார். வேறு வழி சொன்னார். பாபகூராவிலிருந்து ரயிலேறிப் பயிற்சிக்கு வரும் டொங்காத் தீவுச் சகோதரர்கள் இருவர் இருக்கிறார்கள். லைனில் நிற்கப் பழகியவர்கள். தகப்பனுக்கு வேலை போய்விட்டது. இருவருக்கும் சேர்த்து எழுநூறு டொலர் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால்தான் பதியலாம்.

மூன்று முகத்திலும் வெளிச்சம் வந்தது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்று டொக்டர் எழுந்தே விட்டார். "முந்நூறு என்ர." கைதட்டல். "எரநூறு நம்மது." கைதட்டல். "நானும் ஒரு நூறு," என்றார் கடைக்காரர். அதற்கும் தட்டினார்கள். நான் காருக்கு டயர் மாற்ற வைத்திருந்த நூறை எடுத்துக் கோச்சின் கையில் கொடுத்தேன். காசு கைமாறியபோது யாரும் தட்டவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் மூவருக்கும் கும்பிட்ட கைகள் வரிசையாக நின்றன.

புதன்கிழமை வரை மூவரிடமிருந்தும் ஒரு சதம் வரவில்லை. பயத்தில் நானே கடைக்குப் போனேன்.

"டொக்டர் இன்னும் போடேல்லை, அண்ணை. அவருக்கு முந்தி நான் போட்டா அவரை அவமதிச்ச மாதிரி," என்றார் கடைக்காரர், எனக்கு முருங்கைக்காய் நிறுத்தபடியே.

ஐ.டி.காரரைப் போனில் பிடித்தேன். நகர மையத்தில் மீட்டிங்கில் இருந்தார். "பெரியவங்க மொதல்ல பண்ணட்டும் சார். நான் ஃபாலோ பண்ணிடறேன்."

பெரியவரைக் கேட்டேன். "சும்மா பாங்கில போட்டா ஆருக்கு அண்ணை தெரியும்?" என்றார் டொக்டர். "சீசன் தொடக்க விழாவில மேடையில வைச்சுக் குடுப்பம். பிள்ளையளுக்கும் ஒரு முன்மாதிரி."

"விழா அடுத்த கிழமை, டொக்டர். பதிவு வெள்ளியோட முடியுது."

"நீங்கள் எல்லாத்துக்கும் பயப்பிடுறீங்கள்," என்று சிரித்தார். "பிரஷர் செக் பண்ணினீங்களோ?"

அந்த முருங்கைக்காயைக்கூடச் சமைக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கோச் மிச்சத்தைத் தன் கார்டில் கட்டினார். அவருக்கும் வீட்டு மோட்கேஜ் கடன் இருக்கிறது, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். சனிக்கிழமை முதல் மேட்ச். இடையில் என் மகன் வெளியே வந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சகோதரர்களில் இளையவன் அவன் இடத்தில் போய் நின்றான். நான் வேலிக் கம்பியைப் பிடித்தபடி மகனின் காலையே பார்த்தேன்.

"அப்பா, ஸ்டாப் ஸ்டேரிங். ஐ'ம் ஓகே," என்றான்.

அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து எறிந்த பந்தைத்தான் டொக்டரின் மகன் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். டொக்டர் குதித்த குதியில் குடை பறந்தது.

விழாவில் மூன்று கொடையாளிகளுக்கும் மைக்கில் நன்றி சொன்னார்கள். சகோதரர்கள் இருவரையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, டொக்டர் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். காசுக் கவர் எதுவும் வெளியே வரவில்லை. இறங்கியதும் கேட்டேன்.

"அதுதான் கட்டியாச்சே, அண்ணை," என்றார். "இனிக் குடுத்தா அந்தாள் சங்கடப்படும்."

"அது இப்ப கிளப் செலவாயிடுச்சுல்ல சார்?" என்றார் ஐ.டி.காரர். கடைக்காரர் டொக்டரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

வாயிலிருந்த லட்டை டிஷ்யூவில் துப்பினேன். அதே கையோடு போய், சம்பளத்தில் மிஞ்சியிருந்த ஐம்பதைக் கோச்சிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. உன் பங்கை நீ கொடுத்துவிட்டாய், காலுக்கு ஐஸ் வாங்கு என்றார்.

சீசன் பாதி தாண்டிவிட்டது. மகனின் முழங்கால் வீங்கவில்லை. மேட்ச் நாட்களில் டொக்டர் கோச்சின் தோளில் தட்டிச் சிரித்துக் கதைக்கிறார். கோச்சுக்கு இன்னும் வரவேண்டியது அறுநூறு டொலர்.