சும்மா இருக்கும் சிப் குடிக்கும் கரண்ட்

பதுளையில் நான் வேலை செய்யும் பட்டறையில் மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டிகள் செய்கிறோம். மண் நகர்வதைச் சரிவில் புதைத்த உணரி மிக மெல்லிய சமிக்ஞையாகச் சொல்லும். பெட்டிக்குள் இருக்கும் ஆம்பிளிபையர் சிப் அதைப் பெரிதாக்கும். சரிவில் மின்கம்பி ஏது, எல்லாம் பேட்டரிதான். மண் அசையாத நாட்களிலும் அந்தச் சிப் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு குடிக்கும் என்பதில்தான் எனக்கும் முதலாளிக்கும் முட்டிக்கொண்டது.

சிப் செய்தவர்கள் தந்த தாளில், அறை வெப்பத்துக்கு மட்டும் அதிகபட்ச அளவு இருந்தது. சூட்டில் எவ்வளவு என்பதற்கு ஒரு வரைகோடு. அதுவும் சராசரிச் சிப்புக்கு.

"அந்தக் கோட்டுல இருக்கிறதப் போட்டு, பேட்டரி ஒரு வருஷம் ஓடும்னு கையெழுத்துப் போடுங்க" என்றார் முதலாளி.

"அது சராசரிங்க முதலாளி. நமக்கு வர்ற சிப்பெல்லாம் சராசரியா இருக்கும்னு யார் சொன்னா?"

"பூனாகலைக் குளிர்லதானே வைக்கப்போறோம்."

"நடுப்பகல்ல அந்தத் தகரப் பெட்டிக்குள்ள கை வச்சுப் பாருங்க. பசறைக்குக் கீழ, மொனராகலைப் பக்கம் இன்னும் மோசம்."

சூட்டில் கோடு எத்தனை மடங்கு ஏறுகிறது என்று பார்த்தேன். அறை வெப்பத்து அதிகபட்சத்தை அதே மடங்கால் பெருக்கி, மேலே கொஞ்சம் கூட்டிவைத்தேன். அந்தக் கணக்கில் பேட்டரி வருஷக் கடைசிக்கு முன்பே செத்துவிடும். எங்கள் பக்கம் பெருமழை கொட்டுவது அந்த வருஷக் கடைசியில்தான்.

சில சிப்புகளைப் பிஸ்கட் டின்னில் வைத்துச் சூடேற்றி அளந்தேன். ஒன்று கோட்டைத் தாண்டியது. என் கணக்கை எதுவும் தாண்டவில்லை.

"ஒண்ணுதானே" என்றார் முதலாளி.

"அந்த ஒண்ணு எந்த லயத்து வீடுங்களுக்கு மேல நிக்கும்னு சொல்லுங்க."

"வேற ஆளு கையெழுத்துப் போடுவான்" என்றார்.

"போடட்டுங்க. நான் போட மாட்டேன்."

மறுநாள் காலை, வேலை இருக்குமா என்ற சந்தேகத்தோடுதான் பஸ் ஏறினேன். என் மேசையில் ஒரு பெரிய பேட்டரி இருந்தது. "பெட்டி வாங்குறவங்களுக்கு உங்க கணக்கையே அனுப்பிட்டேன்" என்றார் முதலாளி. "ஆனா இந்தப் பேட்டரி வெலைக்கு, அவங்க தர்ற அதே பணத்துல வைக்கிற பெட்டி குறையும்."

பெட்டி இல்லாமல் போன இடங்களில், நாங்கள் குடியிருக்கும் தோட்ட லயத்துக்கு மேலிருக்கும் சரிவும் ஒன்று.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன். "அவரு சொன்னபடி போட்டிருந்தா நமக்கும் ஒண்ணு வந்திருக்கும்" என்றாள்.

"வந்திருக்கும்மா. மழை வர்ற நேரத்துல செத்துக் கெடந்திருக்கும்."

அம்மா கூடையை இறக்கிவைத்தாள். பிறகு, "லயத்து ஆளுங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றாள்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் திட்டினார்கள். படிக்கவைத்ததற்கு இதுதானா என்று ஒருவர் கேட்டார். அந்த மழைக்காலத்தில் எங்கள் சரிவை நாங்களே முறைபோட்டுக் காவல் காத்தோம். வைத்த பெட்டிகளில் ஒன்றும் அணையவில்லை. திட்டியவர்களில் சிலர் இன்னும் என் முகம் பார்ப்பதில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒரு வருஷம் ஓடும் என்ற அந்தத் தாளை இன்று நீட்டினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.