இரண்டு காலுக்கு இரண்டு அளவு

இளம்பிள்ளைவாதம் வந்தபோது எனக்கு நான்கு வயது. உயிரைத் தொடாமல் இடது காலை மட்டும் கெடுத்துவிட்டுப் போயிற்று. அதன்பிறகு வலது கால் தன்பாட்டில் வளர்ந்தது, இடது கால் பின்தங்கிவிட்டது. ஜெர்மனியில் ஹம் நகரத்தில் குடியிருந்த காலத்தில் எனக்கு வலது காலுக்கு முப்பத்தெட்டாம் அளவும் இடது காலுக்கு முப்பத்தைந்தாம் அளவும் தேவைப்பட்டன. கடையில் சப்பாத்தைச் சோடியாகத்தான் தருவார்கள். பெரியதை வாங்கி, இடது சப்பாத்தின் முனையில் பஞ்சு அடைத்துப் போடுவேன். மழை பெய்தால் பஞ்சு நனைந்து கட்டியாகிவிடும். வைத்தியர் எழுதித் தந்து செய்வித்த சப்பாத்தும் ஒரு சோடி அலுமாரிக்குள் இருந்தது. கறுப்பு நிறம், செங்கல் போலக் கனம். அதைப் போட்டுக்கொண்டு போனால் வீதியில் எதிரே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்தார்கள். இரண்டு நாள் போட்டுவிட்டுக் கழற்றி வைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். பக்கத்து இயந்திரத்தில் துணி மடிப்பவள் ஒரு ஜெர்மன்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வாரம் முழுக்கப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, விடுமுறை வந்ததும் எழுநூறு வருடத்துக்கு முந்திய காலத்துக்குப் போய்விடுவாள். அவளைப் போன்றவர்கள் பல ஊர்களிலிருந்தும் ஒரு கோட்டைக்குக் கீழே இருக்கும் புல்வெளியில் கூடி, கூடாரம் அடித்து, அந்தக் காலத்து உடுப்புப் போட்டு, அந்தக் காலத்துச் சாப்பாடு சமைத்துத் தங்குவார்களாம். பகலில் வகுப்புகள் நடக்குமாம். நெசவு, மெழுகுதிரி வார்ப்பது, தோல் வேலை, சரித்திரம். அந்த வருடம் பெந்தகோஸ்து விடுமுறைக்கு அவளோடு வருவதாக இருந்த தங்கைக்கு ஏதோ தடை.

"நீ வாவன், கூடாரத்தில் ஒரு இடம் இருக்கிறது," என்றாள்.

அந்த வருடம்தான் எனக்கு வதிவிட உரிமை கிடைத்திருந்தது. அதுவரைக்கும் மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அன்ராக் என்ற விண்ணப்பம் போட்டு, அவர்கள் ஓம் என்றால்தான் போகலாம். இப்போது யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்ற நினைப்பே என்னைத் தலையாட்ட வைத்தது. எங்கே போகிறேன் என்று அப்போது சரியாக விளங்கவும் இல்லை.

கணவர் சிரித்தார். "உமக்கென்ன விசரே? சண்டைக்குப் பயந்து தறப்பாள் கூரைக்குக் கீழை கிடந்து தப்பி வந்த சனம் நாங்கள். இப்ப விரும்பிப் போய்க் கூடாரத்திலை படுக்கப் போறீரோ?"

"ஓம். அண்டைக்கு ஓடிப் போய்ப் படுத்தனாங்கள். இப்ப நான் விரும்பிப் போறன். நீங்கள் சமைச்சுச் சாப்பிடுங்கோ."

"சமைக்க ஏலாது எண்டு ஆர் சொன்னது? மழை பெய்யும், குளிரப்போகுது, அதுதான் யோசிக்கிறன்," என்று சொல்லி, தன் கம்பளிக் காலுறைகள் இரண்டு சோடியை என் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பாடர்போர்ன் பக்கம் போகும் ரயிலில் போனோம். புல்வெளியின் வாசலில் காவலாளி வேடத்தில் ஈட்டியோடு ஒருவன் நின்றான். "எங்கிருந்து வருகிறீர்கள்? யார் நீங்கள்?" என்று அதட்டினான். சீருடை போட்ட ஒருவர் அப்படிக் கேட்டால் என் கை தானாகப் பைக்குள் போகும். பாஸ்போட்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவன் திகைத்துப்போய் ஈட்டியைக் கீழே இறக்கிவிட்டான். சிநேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சலவைக்காரிகள் இரண்டு பேர், அவ்வளவுதான்!" என்றாள். அதில் பொய் ஏதும் இல்லை. உள்ளே விட்டார்கள்.

அவள் எனக்கு மண்நிறத்தில் ஒரு நீளமான அங்கி தந்தாள். அது தரையைத் தொட்டது. சப்பாத்து வெளியே தெரியவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு உப்புக் குறைந்த பருப்புக் கஞ்சி. நான் பையில் ஒளித்துக் கொண்டுபோயிருந்த மிளகாய்த்தூளைத் தூவிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் சரித்திர வகுப்பு. நடத்தியவள் தன் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை, அங்கே கன்னியாஸ்திரி வேடம். என் காலைக் கஞ்சிக் கிண்ணத்தில் சிவப்புத்தூளைக் கண்டுவிட்டு, "இது அந்தக் காலத்தில் இல்லை. உன் நாட்டிலும் அப்போது மிளகாய் கிடையாது, கடல் கடந்து பிறகு வந்தது," என்றாள். நான் நம்பவில்லை. மிளகாய் இல்லாத எங்கள் ஊரை எனக்குக் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனாலும் அவள் பேசும் விதம் பிடித்துப்போய் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பாடம் பழைய நகரங்களின் குப்பைக் குழிகளிலும் கிணறுகளிலும் தோண்டி எடுத்த பொருட்களைப் பற்றியது. அவள் பெரிய படங்களாக வரைந்து கொண்டுவந்திருந்தாள். உடைந்த குவளை, சீப்பு, பிறகு ஒரு சப்பாத்தின் அடித்தோல்.

"இதைப் பாருங்கள். வெளி ஓரம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. அதே இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒட்டும் தேய்ந்திருக்கிறது. இதைப் போட்டவர் காலைச் சரித்து இழுத்து நடந்திருக்க வேண்டும். பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்று தெரியாது. எப்படி நடந்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்."

என் அங்கிக்குள்ளே என் இடது சப்பாத்தும் சரியாக அந்த இடத்தில்தான் தேய்ந்திருந்தது. இந்த நாட்டில் நான் பார்த்த எல்லாரும் நேராக நடக்கிறவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எழுநூறு வருடத்துக்கு முன்னால் இதே மண்ணில் ஒருவர் என்னைப்போலவே இழுத்து இழுத்துச் சந்தைக்கும் கோயிலுக்கும் போயிருக்கிறார். அதுவும் அவர் காலுக்கென்று ஒருவர் தைத்துக் கொடுத்த சப்பாத்தில்.

"அவர்கள் அளவு எப்படி எடுத்தார்கள்?" என்று கேட்டேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நான் ஜெர்மனில் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"காலைப் பார்த்துத்தான். பெட்டியில் எண் போட்டு அடுக்கி விற்பதெல்லாம் வெகு பிறகு வந்த பழக்கம். அதோ, அந்தப் பெரிய மரத்தடியில் தோல் வேலை வகுப்பு நடக்கிறது. அங்கே போய்க் கேள்."

சிநேகிதி எங்கள் இரண்டு பேரையும் நாடா நெசவு வகுப்பில்தான் பதிந்திருந்தாள். "நீ போ, நான் பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நான் மரத்தடிக்கு நடந்தேன்.

தோல் வேலை சொல்லிக் கொடுத்தவன் என்னைவிட வயது குறைந்தவன். செந்தாடி, தோளகலம். வார நாட்களில் பஸ் ஓட்டுகிறவன் என்று பிறகு தெரிந்தது. நீளமான மர வாங்குப் பலகையில் நெருக்கமாக ஆட்கள் இருந்தார்கள்.

"இடமில்லை. முன்கூட்டியே பதிந்தவர்களுக்குத்தான்," என்றான்.

வழக்கமாக நான் அந்தச் சொல்லோடு திரும்பிவிடுகிறவள். ஜெர்மனியில் எத்தனை கதவடியிலிருந்து அப்படித் திரும்பியிருக்கிறேன். அன்றைக்குத் திரும்பவில்லை. குனிந்து இரண்டு சப்பாத்தையும் காலுறைகளையும் கழற்றினேன். அங்கியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, புல்லில் வெறுங்காலோடு நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"எனக்கு இரண்டு காலும் இரண்டு அளவு. இன்றைக்கு வரைக்கும் ஒரு சோடிச் சப்பாத்து எனக்குச் சரியாக வந்ததில்லை," என்றேன். ஜெர்மன் வசனம் பிழையில்லாமல் வந்தது.

அவன் கொஞ்ச நேரம் காலையே பார்த்தான். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. தச்சன் மரத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

"தள்ளி உட்காருங்கள்," என்று வாங்கில் இருந்தவர்களிடம் சொன்னான். பிறகு என்னிடம், "நான் தைத்துத் தருவேன் என்று நினைக்காதே. நீதான் தைக்க வேண்டும். முடியாவிட்டால் அரைகுறையாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாய். சம்மதமா?" என்றான்.

"சம்மதம்."

கடதாசியில் ஒவ்வொரு காலாக வைத்து, சுற்றிக் கோடு கீறினேன். பக்கத்துப் பக்கத்தில் கிடந்த அந்த இரண்டு கோட்டுருவங்களையும் பார்த்தபோது, ஒரு தாயும் பிள்ளையும் போல இருந்தன. பிறகு பழந்துணியைக் காலில் சுற்றி, அதிலே மேல்தோலுக்கு அச்சு வெட்டினேன். தோலை வெட்டி, குத்தூசியால் துளை போட்டு, தேன்மெழுகு தடவிய நூலால் தைக்க வேண்டும். உட்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, கடைசியில் தலையணை உறையைப் புரட்டுவதுபோல முழுச் சப்பாத்தையும் புரட்டி எடுப்பதுதான் அந்தக் காலத்து முறை. அப்போது தையல் உள்ளே போய்விடும், தண்ணீர் இறங்காது.

வலது சப்பாத்து மத்தியானத்துக்குள் முக்கால்வாசி ஆகிவிட்டது. விரல்கள் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டன. சிநேகிதி வந்து பார்த்துவிட்டு, துணி கிழித்துக் கட்டிவிட்டுப் போனாள். பின்னேரம் இடது சப்பாத்தையும் தைத்து முடித்துத் தாடிக்காரனிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மாறியது.

"புரட்டினால் இது எந்தக் காலுக்கு வரும், சொல்லு?"

யோசித்தேன். அடித்தோலை உட்பக்கம் வெளிப்பக்கமாக மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். புரட்டினால் அதுவும் வலது காலுக்குத்தான் வரும். ஒரு பெரிய வலது கால், ஒரு சின்ன வலது கால்.

"மேல்தோலைப் பிரித்து எடுக்கலாம். ஆனால் துளை போட்ட அடித்தோல் இனிச் சரிவராது. தடித்த தோலும் முடிந்துவிட்டது," என்று தொட்டியைக் காட்டினான். அதற்குள் வெட்டிக் கழித்த துண்டுகள்தான் கிடந்தன.

வாங்கில் பக்கத்தில் இருந்த கிழவர் தன் சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து தொட்டியைக் கிளறினார். ஒவ்வொரு துண்டாக எடுத்து அச்சை வைத்துப் பார்த்தோம். குறுகல், கட்டை, ஓட்டை. அடியில் கிடந்த ஒன்றை எடுத்து வைத்தேன். யாரோ பெரிய காலுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு. என் அச்சு அதற்குள் அடங்கியது. ஓரத்தில் ஒரு நூல் இடம் கூட மிஞ்சியது.

"வேறு யாருடைய காலுக்கும் இது காணாது. உன் காலுக்குத்தான் காணும்!" என்றார் கிழவர்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் கால் சின்னதாக இருந்ததற்காக என் வாழ்க்கையில் நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மரத்தடிக்குப் போய்விட்டேன். மழை தூறியது, மேலே கட்டியிருந்த துணி ஒழுகியது. பூசைக்கு மணியடித்தும் நான் எழும்பவில்லை. கடவுள் பொறுத்துக்கொள்வார் என்று தைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டி இரண்டையும் தண்ணீர் வாளிக்குள் ஊறப்போட்டேன். வலது சப்பாத்து சுலபமாகப் புரண்டுவிட்டது. இடது சப்பாத்தில் குதிப்பக்கம் வந்தது, முனை வரவில்லை. இடம் குறுகல், விரல் உள்ளே போகவில்லை. தாடிக்காரன் ஒரு மரக்குச்சியைத் தந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். உதவி செய்ய அவனுக்குக் கை துடித்தது தெரிந்தது. வாங்கில் இருந்த எல்லாரும் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

குச்சியை முழங்காலில் ஊன்றி, சப்பாத்தை இரண்டு கையாலும் கீழே இழுத்தேன். தையல் கிறீச்சிட்டது. அறுந்துவிடும் என்று நினைத்த நேரம், "பொளக்" என்ற சத்தத்தோடு முனை வெளியே குதித்தது. எல்லாரும் கத்தினார்கள். யாரோ தகரத்தில் தட்டினார்கள். என் கையில் ஒரு சின்ன, உருண்டையான, இடது சப்பாத்து இருந்தது.

"போடு. ஈரத்தோடு போட்டு, காயுமட்டும் நட. தோல் உன் காலைப் படித்துக்கொள்ளும்," என்றான் தாடிக்காரன். உயரம் சரிவர, தொட்டியில் மிஞ்சிய துண்டுகளில் இரண்டு பட்டை வெட்டி இடது அடியில் வைத்துத் தைக்கச் சொன்னான். அதையும் தைத்தேன். அன்று பின்னேரம் முழுக்கக் கூடாரங்களுக்கு நடுவே நடந்தேன். அங்கியின் கரையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது. பார்த்தவர்களுக்கு நானே காலைத் தூக்கிக் காட்டினேன்.

திங்கட்கிழமை, கடைசி நாள், சரித்திர ஆசிரியை எல்லாரையும் அந்தக் காலத்து யாத்திரைக்காரர்கள் போன வழியில் மலைமேல் இருக்கும் சிற்றாலயத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. சிநேகிதி, "நீ கூடாரத்தைப் பார்த்துக்கொள், நான் போய்விட்டு வருகிறேன்," என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஊரிலும் எனக்கு அப்படித்தான். மடு மாதா கோயில் திருவிழாவுக்கு மற்றப் பெண்கள் நடந்து போவார்கள், என்னை உழவு இயந்திரத்தில் பாத்திரங்களோடு ஏற்றிவிடுவார்கள்.

"கூடாரம் எங்கேயும் ஓடாது. நானும் வருகிறேன்," என்றேன்.

பீச் மரக் காட்டுக்குள்ளால் ஏற்றம். மழை விட்டிருந்தது, பாதையெல்லாம் வழுக்கல். வேர்களும் கற்களும் அடித்தோலுக்குள்ளால் தெரிந்தன. கால் நோகத்தான் செய்தது. ஆனால் பஞ்சுக்குள் புதையாமல், ஒவ்வொரு அடியிலும் இடது கால் முழுதாக நிலத்தில் ஊன்றியது. பாதிவழியில் இளைஞர்கள் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். நான் உட்காரவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது முன்னால் ஆசிரியை மட்டும்தான். அவள் என் காலைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து, சிற்றாலயத்தின் மணிக்கயிற்றை என்னிடம் நீட்டினாள். அடித்தேன். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. சிநேகிதி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

அன்று பின்னேரம் ஹம் நிலையத்தில் இறங்கி, சிநேகிதியிடம் விடைபெற்றேன். கணவர் படிக்கட்டடியில் நேர அட்டவணையைப் பார்த்தபடி, எனக்கு முதுகு காட்டி நின்றார். கூட்டம் கலைந்துவிட்டது. நான் மேடை நீளத்துக்கும் நடந்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பவில்லை.

"இஞ்சருங்கோ."

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீரோ! ஆரோ வெள்ளைக்காரர் நடந்து வாற சத்தம் எண்டெல்லே நினைச்சு நிண்டனான். உம்மடை நடை எனக்குத் தெரியாதே?"

"இனி இதுதான் என்ரை நடை," என்று சொல்லி, அங்கேயே நின்று காலை நீட்டினேன். அவர் என் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆர் தைச்சது?"

"நான்தான்."

"இரண்டும்?"

"இரண்டும்," என்றேன்.